குளவி வரும்வரை

பங்குனி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். பூப்பறிக்கப் போன அம்மா பாதியிலேயே திரும்பி வந்தார். "செம்பருத்தி மேல யாரோ கோலமாவைத் தூவிவிட்ட மாதிரி இருக்குடா, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். கொழுந்துகள் சுருண்டு கிடந்தன. கணுக்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தது. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. கீழ் இலைகளில் அடுப்புக்கரி படிந்தாற்போல் ஒரு கறுப்பு. தண்டு நெடுக எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. மாசி முதல் வாரத்தில் இதே செடி பச்சைப்பசேலென்று நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாறு வாரத்துக்குள் இத்தனை மாவுப்பூச்சி எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. மார்கழிப் பனியிலேயே பத்துப் பதினைந்து பூச்சிகள் பட்டை இடுக்கிலும் இலைக்காம்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பத்து, பங்குனியில் பத்தாயிரமாவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பத்தாயிரம் பத்து லட்சமாகாமல் போவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த இரண்டு கணக்குகளையும் பற்றியது.

வெயிலை எண்ணும் உடல்

நம் உடல் வெயிலிலும் பனியிலும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். பூச்சிக்கு அந்த வசதி கிடையாது. சுற்றியுள்ள காற்றின் சூடுதான் பெரும்பாலும் அதன் உடலின் சூடு. காற்று குளிர்ந்தால் அதன் செரிமானம் மந்தமாகும், வளர்ச்சி தள்ளிப்போகும். சூடேறினால் எல்லாமே வேகம் பிடிக்கும். ஆகவே ஒரு பூச்சி முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் ஒற்றை விடை சொல்ல முடியாது. எத்தனை நாள் என்பதைவிட எவ்வளவு வெப்பம் சேர்ந்தது என்பதே அங்கே கேள்வி.

இந்த எண்ணத்தின் வேர் பழையது. பிரான்ஸ் நாட்டின் ரெயோமுர் என்ற அறிவியலாளர் 1735இல், பயிர் விளைவதை நாட்களால் அளப்பதைவிட அந்த நாட்களில் சேர்ந்த வெப்பத்தைக் கூட்டி அளப்பது பொருந்தும் என்று எழுதினார். பிற்காலப் பூச்சியியலாளர்கள் அதே கணக்கைப் பூச்சிகளுக்கும் போட்டார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு அடிக்கோடு உண்டு. அதற்குக் கீழே வெப்பம் இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலே எத்தனை டிகிரியோ அத்தனை புள்ளி அன்றைய நாளுக்கான வரவு. வரவு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும் பூச்சி முழு வளர்ச்சி அடைந்துவிடும்.

செம்பருத்தியை மொய்ப்பவற்றில் ஒன்றான பப்பாளி மாவுப்பூச்சிக்கு இந்தக் கணக்கை அளந்து வைத்திருக்கிறார்கள். அடிக்கோடு சுமார் 14 டிகிரி செல்சியஸ். சேரவேண்டிய தொகை சுமார் 300. மார்கழியில் ஒரு நாளின் சராசரி வெப்பம் 24 டிகிரி என்றால் தினம் 10 புள்ளி சேரும். ஒரு தலைமுறைக்கு 30 நாள். பங்குனியில் சராசரி 29 என்றால் தினம் 15 புள்ளி. தலைமுறை 20 நாளில் முடிந்துவிடும்.

பத்து நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். இந்தப் பூச்சியின் தாய், பஞ்சு போன்ற ஒரு பைக்குள் நூறு முதல் அறுநூறு முட்டைகள்வரை இடக்கூடியது. பெரும்பகுதி அழிந்து, தாய்க்குப் பத்து மகள்கள் மட்டும் பிழைப்பதாகப் பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 60 நாளில் குளிர்காலத்தில் இரண்டு தலைமுறை. ஒன்று நூறாகும். அதே 60 நாளில் பங்குனியில் மூன்று தலைமுறை. ஒன்று ஆயிரமாகும். ஐந்து டிகிரி வெப்பம் பத்து மடங்குப் பூச்சியைத் தந்துவிடுகிறது. பனி விலகியதும் செடி புதுக்கொழுந்து விடுகிறது. கொழுந்தில் ஓடும் சாறு முற்றிய தண்டின் சாற்றைவிடச் சத்து மிக்கது. ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சுகளை அடித்துக் கழுவிய மழையும் இப்போது இல்லை. சூடு, கொழுந்து, வறண்ட வானம் மூன்றும் ஒன்றாக வாய்க்கும் காலம் மாசிக் கடைசியிலிருந்து கோடைமழைவரை.

இதற்கு உச்சவரம்பும் உண்டு. சராசரி 32 டிகிரியைத் தாண்டினால் இதே பூச்சியின் வளர்ச்சி தடுமாறத் தொடங்கும். நமக்கு இதமான இளவேனில்தான் அதற்கும் இதம்.

மரத்தைப் பார்ப்பவை, மழைக்குக் காத்திருப்பவை

எல்லாப் பூச்சியும் வெயிலை மட்டும் எண்ணுவதில்லை. மாமரத்துத் தத்துப்பூச்சி பூவுக்குக் காத்திருக்கும். ஆப்பு வடிவில் அரிசியளவே இருக்கும் இது, ஆண்டின் பெரும்பகுதியை மரப்பட்டையின் வெடிப்புகளில் கழிக்கும். மா பூங்கொத்து விடத் தொடங்கியதும் வெளியே வந்து பூங்காம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் சாற்றை உறிஞ்ச, பூ கருகிக் கொட்டும். அந்த நேரத்தில் மரத்தடியில் நின்று கிளையை உலுக்கினால் இலைமேல் மணல் விழுவதுபோல் சடசடவென்று கேட்கும். அத்தனையும் தாவுகிற பூச்சிகள். கிளைகள் நெருங்கி வெயில் புகாத தோப்புகளில் இது அதிகம். பூத்து முடித்த மரத்துக்கு மருந்தடித்துப் பயனில்லை. பூ முழுக்க விரிந்திருக்கும்போது அடித்தால் மாம்பூவுக்கு மகரந்தம் சுமக்கும் ஈக்களும் தேனீக்களும் சேர்ந்து சாகும். காய்ப்பு அதனாலேயே குறையும்.

வேறு சில மழையை நம்பி இருப்பவை. சித்திரை, வைகாசியில் முதல் கோடைமழை கொட்டி ஓய்ந்த மாலையில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். கறையான் புற்றிலிருந்து துணை தேடிக் கிளம்பும் இளவரசர்களும் இளவரசிகளும்தான் ஈசல்கள். நனைந்த மண் இளகியிருந்தால்தான் புதுப் புற்றுக்குக் குழி தோண்ட முடியும் என்பதால் அந்த மாலையைத் தேர்கின்றன. பக்கத்துப் புற்றுகளும் அதே மாலையில் பறப்பதால் அயல் குடும்பத்தில் துணை கிடைக்கிறது. சிறகை உதிர்த்து இணை சேர்ந்தவற்றில் மிகச் சிலவே பிழைக்கும். மற்றவை பல்லிக்கும் தவளைக்கும் காக்கைக்கும் இரை. அரிசியோடு வறுத்துத் தின்னும் நாமும் அந்த வரிசையில் உண்டு. விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும் ஈசலைக் கண்டு நிலைக்கதவு போய்விட்டதே என்று பதற வேண்டாம். விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்தினால் போதும். உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தோ நிலைச்சட்டத்திலிருந்தோ ஈசல் புறப்பட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அதே மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து பழுப்பு வண்டுகளும் எழும். அந்தி சாய்ந்ததும் வெளிவந்து பெரும்பாலும் வேப்பமரத்தில் கூடி இலையைத் தின்று, மண்ணில் முட்டையிடும். சில வாரம் கழித்துப் புல்தரை திட்டுத் திட்டாகப் பழுக்கும். பிடித்து இழுத்தால் பாய் சுருட்டுவதுபோல் புல் கையோடு வரும். அடியில் 'சி' எழுத்துபோல் வளைந்த வெள்ளைப் புழுக்கள் வேரைத் தின்றுகொண்டிருக்கும். புழு வந்தபின் மண்ணில் விஷம் ஊற்றுவதைவிட, மழை பெய்த இரவில் வேப்பங்கிளையை உலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுவது எளிது. புழுவின் கணக்கு புல்தரையில் முடிந்தாலும் தொடங்குவது வேப்பமரத்தில்தான்.

எறும்பு ஏன் ஏறுகிறது

செம்பருத்திக்குத் திரும்புவோம். பிசுபிசுப்பு, கறுப்பு, எறும்பு மூன்றுக்கும் காரணம் ஒன்றே. செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதம் குறைவு. தனக்கு வேண்டிய புரதம் கிடைக்க மாவுப்பூச்சி ஏராளமாகச் சாற்றைக் குடித்தாக வேண்டும். மிஞ்சிய சர்க்கரையைப் பின்பக்கமாகத் துளித்துளியாக வெளியேற்றிவிடும். அந்த இனிப்பு நீர் இலையில் சொட்டிப் பிசுபிசுக்கிறது. அதன்மேல் வளர்வதுதான் கரும்பூசணம். அது இலைக்குள் புகுவதில்லை, மேலே படர்ந்து வெயிலை மறைக்கும்.

எறும்பு அந்த இனிப்புக்காக ஏறுகிறது. சும்மா குடித்துவிட்டுப் போவதில்லை. மாட்டுக்காரன் மாட்டைக் காப்பதுபோல் பூச்சியைக் காக்கிறது. தின்ன வரும் பொறிவண்டைக் கடித்துத் துரத்தும். முட்டையிட வரும் குளவியை விரட்டும். ஆகையால் செடியில் எறும்புச் சாரை தெரிந்தால் பூச்சி இருக்கிறது என்றும், அதற்குக் காவல் போட்டாயிற்று என்றும் பொருள்.

நான் கொன்ற நண்பன்

அந்தப் பங்குனியில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உரக்கடைக்காரர், "இதை அடிங்க சார், மூணே நாள்ல சுத்தமாயிடும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார். அடித்தேன். மூன்று நாளில் செடி சுத்தமாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் முன்னைவிட அடர்த்தியாக வெள்ளை அப்பியது.

காரணம் பிறகு புரிந்தது. மாவுப்பூச்சியின் உடலைப் போர்த்தியிருப்பது மெழுகு. மருந்துநீர் அதில் ஒட்டாமல் உருண்டோடும். முட்டைப் பைக்குள் இருப்பவை இன்னும் பத்திரம். திறந்தவெளியில் அலைந்துகொண்டிருந்தவை வேறு சில உயிர்கள். மருந்து முதலில் கொன்றது அவற்றை.

அவற்றில் ஒன்றை நானே பார்த்து, பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்துக் குறிவைத்து அடித்திருந்தேன். ஒரு செண்டிமீட்டருக்கு மேல் நீளம், உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகள், பார்க்க அழுக்குப் பஞ்சுத் திரிபோல் இருந்தது. மாவுப்பூச்சியையே தின்று வளரும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்தப் பொறிவண்டை இந்தியாவுக்கு 1898இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். இரையின் வேடத்தில் இரைக்குள்ளே உலவுகிறது. எறும்பு ஏமாறுவதைப் போலவே நானும் ஏமாந்தேன். இன்னொன்று உண்டு, நம் மண்ணுக்கே உரிய ஒரு சிறு பட்டாம்பூச்சியின் புழு. இலை தின்னாமல் மாவுப்பூச்சி தின்னும் அபூர்வமான வகை. அதன் கூட்டுப்புழு அச்சு அசலாகக் குரங்கு முகம்போல் இருக்கும்.

இந்த நண்பர்கள் எல்லாரும் தாமதமாகத்தான் வருவார்கள். அது அவர்கள் குணம் அல்ல, கணக்கு. இரை பெருகிய பிறகுதான் தின்பவர் பெருக முடியும். நாலு மாவுப்பூச்சி இருக்கிற செடியில் பொறிவண்டு முட்டையிட்டால் புழு பட்டினியில் சாகும். எனவே பூச்சியின் ஏற்றத்துக்கும் பகைவரின் ஏற்றத்துக்கும் நடுவே இரண்டு மூன்று வார இடைவெளி இருந்தே தீரும். நமக்குப் பொறுமை போவது சரியாக அந்த இடைவெளியில். கையில் பாட்டிலோடு நாம் வந்து நிற்கும் நாளும், அவை வந்துசேரும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன.

பகைவன் இல்லாத ஊரில்

அந்தப் பகைவர்கள் வரவே மாட்டார்கள் என்றால் என்ன ஆகும்? தமிழ்நாடு அதைக் கண்ணால் கண்டது. பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். அங்கே அது பெரிய தொல்லை இல்லை. 1990களில் கரீபியன் தீவுகளிலும் 1998இல் ஃபுளோரிடாவிலும், பிறகு பசிபிக் தீவுகளிலும் தலைகாட்டியது. 2008 ஜூலையில் கோவையில் பப்பாளி மரங்களில் கண்டுபிடித்தார்கள். இலங்கைக்கும் அதே ஆண்டு வந்து சேர்ந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் கொங்கு வட்டாரத்து விவசாயிகளுக்கு மறக்காது. பப்பாளிக் காய்கள் பஞ்சு போர்த்தி நின்றன. பட்டுப்புழுவுக்காக வளர்த்த மல்பெரி சுருண்டது. மருந்தடித்த மல்பெரி இலையைப் பட்டுப்புழுவுக்குப் போடவும் முடியாது. மரவள்ளி, பருத்தி, கொய்யா, தேக்கு, காட்டாமணக்கு என்று எதையும் விடவில்லை. வேலியோரத்துப் பார்த்தீனியத்திலும் வீட்டுச் செம்பருத்தியிலும் குடியிருந்ததால், வயலில் எவ்வளவு அடித்தாலும் வேலியிலிருந்து திரும்ப வந்தது. வந்த பூச்சிக்கு இங்கே பசி தீர்க்கச் செடிகள் இருந்தன, கணக்குத் தீர்க்கப் பகைவன் இல்லை.

அந்தப் பகைவன் யார் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அமெரிக்க வேளாண் துறையினர் மெக்சிகோவில் தேடிப் பிடித்து போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்த மூன்று ஒட்டுண்ணிக் குளவிகள். அவற்றை 2010 ஜூலையில் பெங்களூரிலிருந்த தேசிய நிறுவனம் ஒன்று தருவித்தது. வேளாண் பூச்சிகளுக்கென்றே அப்போது இயங்கிய நிறுவனம் அது. வேறு எந்தப் பூச்சியையும் தாக்குமா என்று சோதித்த பிறகே வெளியே விட அனுமதி. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அந்தப் பூச்சியில் குளவியை வளர்த்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தோட்டங்களில் விட்டார்கள்.

மூன்றில் வென்றது அசரோஃபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மஞ்சள் துகள். மனிதரைக் கொட்டாது. தாய்க்குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையை வைக்கும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சி உப்பி, விறைத்து, பழுப்புக் கூடாகும். சில நாளில் அதில் வட்டமாக ஓட்டை போட்டு அடுத்த குளவி வெளியேறும். குளவியின் ஒரு தலைமுறை ஏறத்தாழ இரண்டே வாரம். இரை ஒரு தலைமுறையை முடிப்பதற்குள் குளவி அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிடும். வட்டிக்கு வட்டி ஏறுகிற பூச்சியின் கணக்கை, அதைவிட வேகமான வட்டி வந்து தின்றது. ஐந்தாறு மாதங்களில் விடப்பட்ட இடங்களில் பூச்சி அடங்கியது. இன்றும் அது ஒழியவில்லை. ஒழிந்தால் குளவியும் ஒழியும். இரண்டும் குறைந்த எண்ணிக்கையில் இருந்துகொண்டிருக்கின்றன.

பழைய பாடம்

இந்தப் பாடத்தை உலகம் 1888இலேயே படித்துவிட்டது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் கேபல் என்பவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பித் தேடச் சொன்னார்கள். அவர் கண்டெடுத்தது வெடாலியா என்ற சிவப்புப் பொறிவண்டு. கப்பலில் முதலில் வந்து சேர்ந்தவை 129 வண்டுகள். கூடாரம் போட்டு மூடிய ஆரஞ்சு மரத்தில் அவற்றை விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. பிற்பாடு அதே செதில் பூச்சி நம் நீலகிரியில் வாட்டில் மரங்களைப் பிடித்தபோது இங்கும் அதே வண்டைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள்.

கதையின் பின்பாதி இன்னும் முக்கியமானது. 1940களில் டிடிடி வந்தது. கலிஃபோர்னியாவில் அதை அடித்த தோட்டங்களில் வெடாலியா செத்துப்போனது. அரை நூற்றாண்டாக அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி கிளைகளை வெளுக்கடித்தது. முன்பு இலவசமாக வேலை பார்த்த வண்டை விவசாயிகள் காசு கொடுத்து வாங்கி விட வேண்டியதாயிற்று.

நம் ஊரில் அண்மைய சான்று பொள்ளாச்சி. 2016இல் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. இதுவும் நடு அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததே. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, கீழ் ஓலைகளைக் கரும்பூசணத்தால் கறுப்பாக்கியது. பதறிய விவசாயிகளிடம் ஆராய்ச்சியாளர்கள் மருந்தடிக்க வேண்டாம் என்றார்கள். என்கார்சியா என்ற குட்டிக் குளவி ஏற்கெனவே வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. இந்த ஈக்கென்று அதை யாரும் கொண்டுவரவில்லை. பகைவன் முன்பே இங்கு இருந்தான். மருந்து அடித்திருந்தால் யார் கண்ணிலும் படாமல் அது செத்திருக்கும்.

உங்கள் வீட்டுச் செடிக்கு

இதற்காகச் செடி சாகிறவரை கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. தை மாதமே தொடங்குங்கள். அப்போது இருப்பது பத்துப் பூச்சி. கணுக்களையும் இலையடியையும் வாரம் ஒருமுறை பார்த்து, கண்டதைத் துணியால் துடைத்தால் போதும், பங்குனியின் பத்தாயிரத்தைத் தடுத்துவிட்டீர்கள். அதிகம் பிடித்த கொழுந்தை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குப்பையில் வீசினால் குஞ்சுகள் ஊர்ந்து திரும்பும். ரப்பர் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், ஐப்பசி மழை செய்ததை அது செய்யும். தண்டைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி அதில் கிரீஸ் தடவினால் எறும்பின் காவல் விலகும். நண்பர்களுக்கு வழி திறக்கும். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து, பிடித்த கிளைகளில் மட்டும் சாயங்காலத்தில் தெளியுங்கள்.

அதற்குமுன் ஒரு சிறு சோதனை. பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தால் போதும். அப்பியபடி அசையாமல் இருக்கும் வெள்ளை, மாவுப்பூச்சி. அதனிடையே சற்றுப் பெரிதாக, இழை இழையாக, விறுவிறுவென்று ஊர்ந்து போகிற வெள்ளை, பொறிவண்டின் புழு. பழுப்பாக உப்பி ஓட்டை விழுந்திருக்கும் கூடு, குளவி வந்துபோன சுவடு. பின்னிரண்டில் ஒன்று கண்ணில் பட்டாலும் எதையும் தெளிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அம்மா இந்தச் சோதனையைத் தன் பாணியில் சுருக்கி வைத்திருக்கிறார். "ஒட்டிக்கிட்டு இருந்தா தண்ணி அடி. ஊர்ந்தா விட்டுடு."